மீன் பார்க்கும் படலம்

கல்யாணத்துக்கு முன்னால் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் குடியிருந்தேன். பத்துக்குப் பத்து அறை, மூன்று கட்டில். மூன்றாவது கட்டில் காலியானால் புது ஆளை லேசில் சேர்த்துவிட மாட்டோம். நானும் சக கட்டில்காரரும் உட்கார்ந்து இன்டர்வியூ நடத்துவோம்.

"குறட்டை உண்டா?"

"ராத்திரி எத்தனை மணி வரைக்கும் லைட் எரியும்?"

"அடுத்தவன் சோப்பு, ஊறுகாய் விஷயத்துல உங்க கொள்கை என்ன?"

ஒரு தடவை, பரம சாதுவாகத் தெரிந்த ஒருத்தரை, புல்லாங்குழல் கற்றுக்கொண்டிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினோம்.

ஒரு கட்டிலுக்கு இத்தனை கேள்வி கேட்ட நான், பல வருஷம் கழித்து வீட்டுக்கு மீன் தொட்டி வாங்கியபோது கேட்டது ஒரே கேள்விதான்.

"அந்த மஞ்சளா ஓடுதே, அது என்ன விலை?"

விளைவு: ஒன்பது நாளில் ஒன்பது சாவு.

விஷயம் இதுதான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பெண் பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி கேட்டாள். எங்கள் ஃப்ளாட் அசோசியேஷன், மாமியார் வந்து தங்குவதையே முகம் சுளித்துப் பார்க்கும் ரகம். நாய்க்கெல்லாம் பேச்சே கிடையாது. பேரம் பேசிப் பேசி நாய் பூனையாகி, பூனை கிளியாகி, கடைசியில் மீனில் வந்து நின்றது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். தளும்பத் தளும்ப ஊற்றினால் 54 லிட்டர் பிடிக்கும் தொட்டி. அதில் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வாய் திறந்து மூடும் ஒரு புதையல் பெட்டி. மத்தியானம் தொட்டி வந்தது. சாயங்காலம் தெருமுனைக் கடையில் மீன் வாங்கினேன். கலர் பார்த்துத்தான். தங்க நிறத்தில் கோல்டு ஃபிஷ் இரண்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஏஞ்சல் இரண்டு, வரி போட்ட டைகர் பார்ப் நாலு, ட்யூப்லைட் மாதிரி மின்னும் நியான் டெட்ரா நாலு, நீலக் கலரில் ஃபைட்டர் ஒன்று. "பாசி தின்னும் சார், தொட்டியக் கழுவவே வேணாம்" என்று கடைக்காரர் தலையில் கட்டிய சக்கர் ஒன்று. ஆக மொத்தம் பதினாலு. ஃபைட்டர் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே, அதையாவது யோசித்தேனா? இல்லை.

மகள் எல்லாவற்றுக்கும் பலகாரப் பெயர் வைத்தாள். கோல்டு ஃபிஷ் இரண்டும் லட்டு, ஜிலேபி. நியான்கள் பூந்தி ஒன்று முதல் பூந்தி நாலு வரை.

இரண்டாம் நாள் காலை பூந்தி எதையும் காணோம். பிணமும் இல்லை. ஏஞ்சல் இரண்டும் வயிறு உப்பி, தேவதை மாதிரியே மிதந்துகொண்டிருந்தன. நாலாம் நாள் ஏஞ்சல்களின் நீளத் துடுப்புகள் கறையான் தின்ற காகிதம் போல ஆயின. கடித்தது டைகர் பார்ப் கோஷ்டி. ஆறாம் நாள் ஏஞ்சல்கள் காலி. தண்ணீர் மோர் மாதிரி கலங்கியது. ஏழாம் நாள் லட்டு, எட்டாம் நாள் ஜிலேபி. ஒன்பதாம் நாள் ஃபைட்டரும் யாரோடும் ஃபைட் பண்ணாமலேயே போய்ச் சேர்ந்தது.

கைக்குக் கிடைத்தவர்களையெல்லாம் பால்கனியில் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தோம். மகள் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு ஐஸ்கிரீமில் முடிந்திருக்கும்.

"அப்பா, அதுங்களுக்குள்ள ஒத்துவராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?"

ஆபீசில் மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு ஸ்டேப்ளர்கூட வாங்காதவன் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போனேன். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். தெருத் தெருவாக மீன் கடை. அதில் ஒரு கடையில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் சோகக் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

"தொட்டி எவ்ளோ சார்?"

"ரெண்டடி."

"ரெண்டடில பதினாலா! அதுலயும் ரெண்டு கோல்டு ஃபிஷ்ஷா! கோல்டு ஃபிஷ் கெண்டை ஜாதி சார். நல்லா வளர்ந்தா ஒரு சாணுக்கு வரும். தின்னுக்கினே இருக்கும், கழிஞ்சிக்கினே இருக்கும். ஒரு கோல்டு ஃபிஷ்ஷுக்கே உங்க தொட்டி பத்தாது. குளிர் தண்ணி கேக்கற மீன் வேற."

பிறகு ஒவ்வொரு சாவுக்கும் போஸ்ட்மார்ட்டம் நடத்தினார். ஏஞ்சலுக்கு வாயில் அடங்குவதெல்லாம் ஆகாரம்; அந்தக் கணக்கில் ஒன்றரை அங்குல நியான் ஒரு வாய் உப்புமா. டைகர் பார்ப்பை ஆறு, எட்டு என்று கூட்டமாக விட்டால் தங்களுக்குள்ளேயே வம்பு பண்ணிக்கொண்டு பொழுதைப் போக்கும். ஆள் குறைந்தால் அடுத்தவன் துடுப்பைக் கடிக்கும். நீளத் துடுப்புக்காரர்கள் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. ஃபைட்டர் ஆண் தனிக்கட்டை. இன்னொரு ஆண் ஃபைட்டரைக் கண்டால் கொலைவெறி. பெரிய வால் வைத்த கப்பியைக்கூடப் பங்காளி என்று நினைத்துப் பாயும்.

"அப்ப சக்கர்? அதுதான் சார் உயிரோட இருக்கு."

"அது இருக்கும். இன்னிக்கு ரெண்டு அங்குலம். வளர்ந்தா ஓரடிக்கு மேல. உங்க தொட்டில திரும்பறதுக்கே ரிவர்ஸ் கியர் போடணும். அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க? ஏரில கொண்டு போய் விடுவீங்க."

உண்மையில் நான் மனசுக்குள் ஏரியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

"அத மட்டும் பண்ணாதீங்க சார். அமெரிக்கா கண்டத்து மீனு அது. இப்படி விட்டு விட்டுத்தான் தமிழ்நாடு, ஆந்திரா, கேரளான்னு ஏரி, ஆத்துலல்லாம் பரவிக் கெடக்கு. உடம்பெல்லாம் கவசம், முள்ளு. வலை போடறவனுக்கு வலையே கிழிஞ்சு போவுது. மிச்ச அஞ்சையும் எங்கிட்ட கொண்டாங்க, நான் வெச்சுக்கறேன்."

"சரி, அதுக்குப் பதிலா இப்ப என்ன மீன் தர்றீங்க?"

"இன்னிக்கு மீன் கெடையாது."

பணத்தை நீட்டியும் சரக்குத் தர மாட்டேன் என்ற வியாபாரியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

லட்டு, ஜிலேபியைக் கொன்ற அசல் குற்றவாளி யார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான்தான். மீன் கழிவிலிருந்தும் மிச்சம் விழும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். தொட்டியில் நாளடைவில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. வாரா வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றினால் அடங்கிவிடும். இந்த இரண்டு கோஷ்டியும் வந்து செட்டில் ஆக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நானோ மத்தியானத் தொட்டியில் சாயங்காலமே பதினாலு பேரைக் குடிவைத்தேன். டிரெய்னேஜ் கனெக்ஷன் கொடுக்காத ஃப்ளாட்டில் கிரகப்பிரவேசம் பண்ணிய கதை.

பெரியவர் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரிலிருந்து அழுக்குப் பிடித்த ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை ஈரத்தோடு எடுத்துக் கொடுத்தார்.

"பாலுக்கு உறை ஊத்தற மாதிரி சார். இத உங்க ஃபில்டர்ல வெச்சு ஓட விடுங்க. தெனம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்க. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் டெஸ்ட்ல சைபர் காட்டட்டும். அப்புறம் பாப்பாவக் கூட்டிக்கினு வாங்க. குழாத் தண்ணியில குளோரின் இருக்கும், மருந்து விட்டு முறிச்சிட்டு ஊத்துங்க. ஃபில்டரக் குழாத் தண்ணில கழுவிறாதீங்க, உறையே போயிடும்."

அதற்கப்புறம் ஐந்து வாரம் நாங்கள் வெறும் தண்ணீரை வளர்த்தோம். வருகிறவர்கள் எல்லாரும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "மீன் எங்கே?" என்றார்கள். "இப்போதைக்கு பாக்டீரியா வளர்க்கிறோம்" என்றால் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். "தண்ணிக்குத் தீனி போடற மாப்பிள்ளையை இந்த ஜென்மத்துல பார்ப்பேன்னு நினைக்கலை" என்றார் மாமியார். என் மனைவி மட்டும், "ஏங்க, நம்ம கல்யாணத்துக்கே நீங்க இவ்வளவு நாள் யோசிக்கலையே" என்றாள். அதற்குள் நான் போகவில்லை.

ஆறாவது ஞாயிறு. மகள் ஒரு பழைய ரஃப் நோட்டோடு கொளத்தூர் வந்தாள். மேன்ஷன் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு அவளே நாலு கேள்வி எழுதியிருந்தாள். ஒவ்வொரு தொட்டி முன்பும் நின்று, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி பெரியவரைக் குடைந்தாள்.

ஒன்று: "இது பெருசானா எவ்ளோ பெருசாகும்?" கடையில் இருக்கும் சைஸைப் பார்க்காதே, வளர்ந்த சைஸைப் பார்.

இரண்டு: "கடிக்குமா? இதை யாராவது கடிப்பாங்களா?" ஒருவன் வாயில் இன்னொருவன் நுழைகிற ஜோடி வேண்டாம். துடுப்புக் கடிப்பவனும் நீளத் துடுப்புக்காரனும் வேண்டாம்.

மூன்று: "தனியா இருந்தா அழுமா?" நியான், ஜீப்ரா, டைகர் பார்ப் எல்லாம் கூட்டத்து மீன்கள். ஆறுக்குக் குறைந்தால் மிரண்டு ஒதுங்கும், அல்லது ரவுடித்தனம் பண்ணும். வகைக்கு ஒன்று வாங்குவதுதான் என்னைப் போன்ற புதுசுகள் செய்கிற முதல் தப்பு.

நாலு: "எங்க வீட்டுத் தண்ணி பிடிக்குமா?" எங்கள் வீட்டில் போர் தண்ணீர். வாளியில் வெள்ளை படியும் உப்புத் தண்ணீர். அமேசான் பக்கத்து நியானுக்கு மெது தண்ணீர்தான் இஷ்டம். மெக்சிகோ பக்கத்து பிளாட்டிக்கும், மோலி, கப்பிக்கும் கடினத் தண்ணீர் ஒத்துப்போகும். ஜீப்ரா நம் இந்தியக் கண்டத்து மீன். எந்தத் தண்ணீரிலும் "அட்ஜஸ்ட்" பண்ணிக்கொள்ளும், சென்னைக்கு வேலைக்கு வந்த பேச்சிலர் மாதிரி.

நாலு கேள்வியிலும் பாஸானது ஜீப்ரா. ஆறு வாங்கினோம். மேல் தட்டில் ஓடியாடும். மூன்று வாரம் பொறுத்து, நடுத் தட்டுக்கு சிவப்பு பிளாட்டி மூன்று. மொத்தம் ஒன்பதே ஒன்பது. "இவ்ளோதானா?" என்று எனக்கே கை அரித்தது. "இதோட நிறுத்துங்க" என்றார் பெரியவர். தீனியும் இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுதான்.

பிளாட்டி குட்டி போடுகிற ஜாதி. ஆணும் பெண்ணுமாக விட்டால் தொட்டி ரெண்டே மாசத்தில் ரங்கநாதன் தெரு ஆகிவிடும் என்று கேள்விப்பட்டு, நான் உஷாராக, "மூணும் பொண்ணாவே குடுங்க" என்றேன். பெரியவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நான் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் ஆகிறது. ஒரு சாவு இல்லை. காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் மகள் தொட்டி முன் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். ஒன்பது வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு தலையாட்டல். இன்கிரிமென்ட் லெட்டரில் கையெழுத்துப் போடும் மேனேஜர்கூட அப்படி ஆட்டியதில்லை.

போன திங்கட்கிழமை எண்ணிக்கை ஒன்பதில் நிற்கவில்லை.

"பத்து, பதினொண்ணு... அப்பா, சீக்கிரம் வா! இருபத்திரண்டு!"

செடி இடுக்கில் கடுகுக்குக் கண் வைத்த மாதிரி பதின்மூன்று குட்டிகள். பெரியவருக்குப் போன் போட்டேன்.

"மூணும் பொண்ணுதானே சார் வாங்கினேன்?"

"பொண்ணுதான் சார். கடைத் தொட்டியில ஆம்பளையும் இருந்துதே. ஒரு தடவை சேர்ந்தா போதும், மாசக்கணக்கா உள்ள சேத்து வெச்சுக்கினு தவணை தவணையா குட்டி போடும். நீங்க கேக்கவே இல்லியே!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மகள் ரஃப் நோட்டைத் திறந்து ஐந்தாவது கேள்வியை எழுதிக்கொண்டிருந்தாள்.

"வரும்போதே முழுகாம இருக்கா?"

மேன்ஷனில்கூட நாங்கள் கேட்டதில்லை.