நுரையீரலுக்குக் கற்பு கிடையாது

2018 ஜூனில் 'சர்கார்' படத்தின் முதல் சுவரொட்டி வெளிவந்தது. அதில் நடிகர் விஜய் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பாட்டாளி மக்கள் கட்சி கண்டித்தது. தமிழக அரசின் பொது சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. சில நாட்களில் அந்தப் படம் நீக்கப்பட்டது. சட்டம் என்ன சொல்கிறது, ரசிகர்கள் பார்த்துக் கெட்டுப்போவார்களா என்பதுதான் அன்றைய விவாதம். அந்த நடிகர் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவரா என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

2022 ஜூலையில் கவிஞரும் இயக்குநருமான லீனா மணிமேகலை தன் 'காளி' படத்தின் சுவரொட்டியை வெளியிட்டார். அதில் காளி வேடமிட்ட பெண்ணின் வாயில் சிகரெட். டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் வழக்குகள் பதிவாயின. கைது செய் என்ற கூச்சலும் கொலை மிரட்டல்களும் தொடர்ந்தன. இயக்குநரின் உடலையும் பிறப்பையும் ஒழுக்கத்தையும் பற்றி இணையத்தில் எழுதப்பட்ட வசைகளை இங்கே எடுத்தெழுத முடியாது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம்தான் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு தந்தது. அந்தக் கூச்சலில் நுரையீரல் என்ற சொல் எங்கும் வரவில்லை.

அது தெய்வ நிந்தனை, பெண் புகைப்பதைப் பற்றிய பிரச்சினையே அல்ல என்று சிலர் சொல்வார்கள். சரி, தெய்வத்திடமே போவோம். நம் ஊர் எல்லைகளில் கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் சுடலைமாடனுக்கும் சுருட்டு படைப்பது வழக்கம். சாராயமும் சுருட்டும் வைக்காத படையல் சில ஊர்களில் படையலே அல்ல. சாமியாடி சுருட்டைப் புகைத்தபடி குறி சொல்லும்போது கூட்டம் கைகூப்பி நிற்கிறது. அங்கே புகையிலை தெய்வத்தைத் தீட்டாக்கவில்லை. ஆண் தெய்வத்தின் உதட்டில் புகை வீரம், பெண் தெய்வத்தின் உதட்டில் அது குற்றம். மண்ணில் நாம் வகுத்த சட்டத்தை விண்ணுக்கும் ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை பெண்கள் புகைக்க வேண்டும் என்று வாதாடவில்லை. புகையிலை கொல்லும். அதில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. என் வழக்கு வேறு. ஆண் புகைத்தால் அவன் உடம்பைப் பற்றிப் பேசும் சமூகம், பெண் புகைத்தால் அவள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. இந்த இரட்டைப் பேச்சு பெண்ணின் உயிரைக் காக்கிறது என்பது பொய். அது பல நாடுகளில் பெண்களின் உயிரைக் குடித்திருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். 1908 ஜனவரியில் நியூயார்க் நகர மன்றம் ஒரு விதியை நிறைவேற்றியது. உணவகங்களும் விடுதிகளும் தங்கள் இடத்தில் பெண்களைப் புகைக்க அனுமதிக்கக் கூடாது. ஆண்களுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. மறுநாளே கேட்டி மல்கேஹி என்ற பெண் தெருவில் சிகரெட்டுடன் பிடிபட்டார். உண்மையில் அந்த விதி கடைக்காரர்களைத்தான் கட்டுப்படுத்தியது, பெண்களுக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. ஆனாலும் நீதிபதி அவருக்கு 5 டாலர் அபராதம் விதித்தார். எழுதப்பட்ட சட்டத்தைவிட எழுதப்படாத சட்டம் எப்போதும் பெண்ணிடம் விரைவாக வந்து சேரும். இரண்டே வாரத்தில் மேயர் அந்த விதியை ரத்து செய்தார். எழுதப்படாததை ரத்து செய்ய எந்த மேயருக்கும் அதிகாரம் இல்லை.

21 ஆண்டுகள் கழித்து அதே நகரில் அந்தத் தடையை உடைக்க வந்தது பெண்ணியம் அல்ல, வியாபாரம். அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்துக்குச் சந்தையின் மறுபாதி வேண்டியிருந்தது. அதற்காக எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர வித்தகரை அமர்த்தியது. அவர் சிக்மண்ட் ஃபிராய்டின் மருமகன். ஒரு மனப்பகுப்பாய்வாளரிடம் பணம் கொடுத்து ஆலோசனை கேட்டார். பெண்ணுக்குச் சிகரெட் என்பது விடுதலையின் தீப்பந்தம் என்ற கருத்து அங்கிருந்து கிடைத்தது. 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. ஐந்தாவது அவென்யூ ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்தபடி நடந்தார்கள். புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அது பெண்களின் கலகம் என்று செய்தியானது. ஏற்பாடு செய்தவனின் கையிலிருந்த கணக்குப் புத்தகம் செய்தியாகவில்லை.

அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்று அப்போது ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நம் உரிமைப் போராட்டத்தின் சொற்களைத் திருடி நமக்கே விற்பது முதலாளித்துவத்தின் பழைய தொழில். 1968இல், பெண் விடுதலை இயக்கத்தின் இரண்டாம் அலை எழுந்த நேரத்தில், மெல்லிய உருவத்தில் 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்' வந்தது. பெண்ணே, நீ எவ்வளவு தூரம் முன்னேறிவிட்டாய் பார் என்று அதன் விளம்பரம் தோளில் தட்டிக்கொடுத்தது. 1987இல் அமெரிக்கப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயைவிட நுரையீரல் புற்றுநோய் அதிகப் பேரைக் கொன்றது. அவர்கள் போய்ச் சேர்ந்த தூரம் அதுதான்.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, எங்கள் பண்பாடு பெண்ணைத் தடுத்துக் காப்பாற்றியது என்று கலாச்சாரக் காவலர் மார்தட்ட வருவார். அவர் ஒன்றை மறக்கிறார். தடை இல்லாவிட்டால் பெர்னேஸுக்கு விற்க ஒன்றுமே இருந்திருக்காது. ஒழுக்கக் காவலன் கட்டிய சுவரில்தான் வியாபாரி கதவு வைத்தான். ஒருவன் சிகரெட்டை நடத்தைகெட்டவளின் அடையாளம் என்றான். மற்றவன் விடுதலை பெற்றவளின் அடையாளம் என்றான். சிகரெட் என்பது காகிதத்தில் சுற்றிய நஞ்சு என்ற எளிய உண்மையை இருவருமே சொல்லவில்லை.

அடுத்து, தடை பெண்ணைக் காக்கிறதா என்பதைத் தென்கொரியாவில் பார்ப்போம். அங்கே பெண் தெருவில் புகைப்பது இன்றும் முகச்சுளிப்புக்குரியது. இது தொன்றுதொட்டு வந்த மரபு என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் கப்பல் உடைந்து கொரியாவில் சிக்கிய டச்சுக்காரர் ஹென்ட்ரிக் ஹாமல், அங்கே ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் எல்லாரும் புகைத்ததைப் பதிவுசெய்திருக்கிறார். ஆக, மரபு என்பது பாதியில் திருத்தி எழுதப்பட்ட ஏடு. இன்றைய நிலை என்ன? அந்நாட்டின் தேசிய உடல்நல ஆய்வில் புகைப்பதாக ஒப்புக்கொண்ட பெண்கள் மிகக் குறைவு. அதே ஆய்வில் சிறுநீரைச் சோதித்து, நிகோடின் உடலில் விட்டுச்செல்லும் கோட்டினின் என்ற தடயத்தைத் தேடியபோது, எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. தடை அந்தப் பெண்களின் கையிலிருந்து சிகரெட்டைப் பிடுங்கவில்லை. வாயிலிருந்து உண்மையைத்தான் பிடுங்கியது. புகைப்பதையே ஒப்புக்கொள்ள முடியாதவள், அதை விடுவதற்கு மருத்துவரிடம் எப்படி உதவி கேட்பாள்?

தடைக்குக் கட்டுப்பட்டு ஒரு சிகரெட்டையும் தொடாத பெண்ணின் கதி என்ன? அதற்கு ஜப்பான் பதில் சொல்கிறது. டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த தகேஷி ஹிராயாமா, புகைக்கும் பழக்கமே இல்லாத 91,540 மனைவியரின் உடல்நிலையை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவுகள் வந்தன. கணவன் எவ்வளவு அதிகம் புகைத்தானோ அவ்வளவு அதிகமாக மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. நாளுக்கு 20 சிகரெட்டும் அதற்கு மேலும் புகைத்தவர்களின் மனைவியருக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. புகையிலை நிறுவனங்கள் அந்த ஆய்வைத் தாக்கின. பின்னர் வந்த ஆய்வுகள் அதையே உறுதிசெய்தன.

இந்த ஆய்வை நான் மருத்துவக் கட்டுரையாக மட்டும் படிக்கவில்லை. அந்தப் பெண்கள் பண்பாடு கேட்டதையெல்லாம் கொடுத்தவர்கள். சாம்பல் கிண்ணத்தைக் கழுவி வைத்தார்கள். பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது கணவனின் புகை. சிகரெட்டைத் தொடாத பெண் நல்லவள் என்று எழுதிய அதே பண்பாடு, அவள் எதைச் சுவாசிக்கிறாள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒழுக்கம் நுரையீரலின் வாசலில் காவல் நிற்பதில்லை. நுரையீரலுக்குக் கற்பு கிடையாது.

இந்தியாவின் கணக்கும் இதே கதைதான். 2016-17ஆம் ஆண்டின் தேசியப் புகையிலை ஆய்வின்படி புகைக்கும் ஆண்கள் 19 விழுக்காடு, பெண்கள் 2 விழுக்காடு. ஆனால் வீட்டுக்குள்ளேயே பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவர்கள் 38.7 விழுக்காடு. இந்த எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். புகைக்கும் 2 விழுக்காட்டுப் பெண்களைப் பற்றித்தான் நம் சினிமாவும் பட்டிமன்றமும் கவலைப்படுகின்றன. வில்லியைக் காட்ட வேண்டுமென்றால் இயக்குநர் அவள் விரலிடுக்கில் ஒரு சிகரெட்டைச் செருகினால் போதும். வரவேற்பறையில் உட்கார்ந்து குடும்பம் முழுவதற்கும் புகையைப் பங்கிட்டுக் கொடுக்கும் அப்பா மட்டும் நல்ல அப்பாவாகவே இருக்கிறார்.

அந்த ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. மென்றும் அடக்கியும் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் 12.8 விழுக்காடு. வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியை நாம் கண்டிப்பதில்லை. வயல்வேலைக்கு நடுவே சுருட்டுப் பிடித்த மூதாட்டிகளைப் பார்த்தவர்கள் உண்டு. ஆந்திரக் கடற்கரையில், சிரீகாகுளம் பக்கத்தில், சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம் பெண்களிடம்தான் அதிகம். மேலண்ணம் வெந்து புற்றுநோய் வருகிறது. இவர்களுக்காகப் பண்பாடு கண்ணீர் விட்டதில்லை, கோபமும் பட்டதில்லை. ஏன்? உழைக்கும் சாதிப் பெண்ணிடம் அது கற்பை எதிர்பார்க்கவே இல்லை. அதனால் அவள் அதை இழந்ததாகவும் நினைக்கவில்லை. சிகரெட்டுக்கு எதிரான கூச்சல் எழுவது ஜீன்ஸ் போட்ட, படித்த, சம்பளம் வாங்கும் பெண்ணின் கையில் அதைக் காணும்போதுதான். கூச்சலின் இலக்கு அந்தக் கை, அதில் இருக்கும் பொருள் அல்ல.

கைகளைப் பற்றிப் பேசினால் பீடிக்கு வந்தே ஆக வேண்டும். நாட்டில் பீடித் தொழிலாளர்கள் கிட்டத்தட்ட 50 லட்சம். பெரும்பான்மையோர் பெண்கள். திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கத்து வீடுகளில் மடியில் முறத்தை வைத்து, இலை வெட்டி, தூள் நிரப்பி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். பெண் பார்க்க வருபவர்கள் நாளைக்கு எத்தனை பீடி சுற்றுவாள் என்று விசாரிக்கும் ஊர்கள் உண்டு. புகையிலைத் தூள் மூச்சில் ஏறுகிறது, நிகோடின் தோல் வழியாக இறங்குகிறது, இருமலும் முதுகுவலியும் வயதுக்கு முன்பே வந்துவிடுகின்றன. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இலேயே வந்தும் வீட்டுத் திண்ணையை எந்த ஆய்வாளரும் தொழிற்கூடமாகப் பார்ப்பதில்லை. அவள் பீடியைச் சுற்றினால் குடும்ப வருமானம். அதில் ஒன்றைப் பற்றவைத்தால் குடும்ப மானம் போய்விடும். அவள் நுரையீரலுக்கு இரண்டிலும் கேடுதான்.

கடைசியாக ஒரு வாதம் வரும். பெண் தாயாகப் போகிறவள், கருவுக்குக் கேடு. உண்மைதான், கர்ப்பிணி புகைத்தால் சிசுவுக்குக் கேடு. பக்கத்தில் நின்று கணவன் புகைத்தாலும் கேடுதான். குழந்தையின் எடை குறைகிறது. அப்படியானால் அந்த எச்சரிக்கை ஏன் தகப்பனாகப் போகிறவனுக்குச் சொல்லப்படுவதில்லை? கருப்பைக்காக மட்டும் பெண்ணின் உடம்பைப் பொருட்படுத்துகிறவர்கள், கருப்பைக்கு மேலே அவளுக்கு நெஞ்சுக்கூடு ஒன்று இருப்பதை எப்போது பார்ப்பார்கள்?

மாணவியரே, உங்களிடம் இரண்டு சொற்கள். விடுதி அறையில் ஒரு பெண்ணிடம் சிகரெட் கிடைத்தால் பெற்றோர் வரவழைக்கப்படுகிறார்கள். கல்லூரி வாசல் டீக்கடையில் பையன்கள் புகைத்தால் அது வயசுக்கோளாறு. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது ஆண், பெண் பார்க்கவில்லை. கல்லூரி நிர்வாகத்திடம் அந்தச் சட்டத்தைக் கேளுங்கள். விடுதிப் பெண்ணுக்குத் தேவை விசாரணைக் குழு அல்ல, பழக்கத்தை விட உதவும் ஆலோசகர் என்று சொல்லுங்கள். சிகரெட்டை விடுதலை என்று விற்பவனையும் நம்பாதீர்கள். நம் முன்னோடிகள் சிறை சென்றது அவன் கல்லாவை நிரப்ப அல்ல.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவிடமும் அண்ணனிடமும் கணவனிடமும் வெளியே போய்ப் புகையுங்கள் என்று சொல்வதை மரியாதைக் குறைவு என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். உலகில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிறர் விட்ட புகையால் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மரியாதையின் விலை இது. இன்று இரவே அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். வாக்குவாதம் வரும், வரட்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாடுங்கள்.