பாட்டி கொடுத்த பல்பு!

சர்வே எடுத்திருக்கீங்களா? நாங்க எடுத்தோம். எடுத்து, செமத்தியா பல்பும் வாங்கினோம்.

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக திருவையாறு பக்கத்து கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். 'பஸ் போர்டு படிக்கத் தெரியுமா?' என்பது ஒரு கேள்வி. இளசுகள் தலையாட்டினார்கள். பாட்டிகளில் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ராத்திரியோட ராத்திரியா கிராஃப் போட்ட நண்பன், 'வயது ஏற ஏற வாசிக்கும் திறன் குறைகிறது. எனவே அறுபதைத் தாண்டியவர்களுக்கு எழுத்து வகுப்பு வீண்' என்று ரிப்போர்ட்டை முடித்துவிட்டான்.

அதை என் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: "எனக்கு எப்படா தெரிஞ்சுது, இப்ப மறந்து போறதுக்கு?"

டமால்!

1951 சென்சஸில் இன்றைய தமிழகப் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர்தான். 2011ல் நூற்றுக்கு 80 பேர். நடுவில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், 1956ல் காமராஜரின் மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு என எவ்வளவோ வந்துவிட்டது. பாட்டி சிறுமியாக இருந்தபோது கையில் நாற்றுக்கட்டுதான் இருந்தது, சிலேட்டு இல்லை.

நம்ம ஊர் வயலையே பாருங்க. ஆளுயர மாப்பிள்ளைச் சம்பா ஒரு பக்கம், குட்டையான ஆடுதுறை 36 ஒரு பக்கம். 'குட்டைப் பயிர் வளர்ந்தா மாப்பிள்ளைச் சம்பா ஆயிடும்'னு சொன்னா ஊரே சிரிக்கும். அது வயசு இல்லீங்க, ரகம்!

அதுக்காக வயசுக்குப் பங்கே இல்லைனு சொல்லலை. பார்வை மங்குவது வயசின் வேலைதான். ஆனா, ஒரே ஒரு தடவை எடுத்த சர்வேயில் எது வயசு, எது தலைமுறைனு பிரிக்க முடியாது. அதே ஆட்களிடம் சில வருஷம் கழித்து மறுபடி போகணும். 2017-18ல் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களின் துணைவர்கள் என சுமார் 72,000 பேரிடம் தொடங்கிய 'லாசி' என்ற இந்திய முதுமை ஆய்வு அப்படித்தான் திட்டமிடப்பட்டது.

அதனால, 'இளைஞர்கள் இப்படி, பெரியவர்கள் அப்படி'னு எங்கே படிச்சாலும் ஒண்ணு கேளுங்க: 'இந்தப் பெரியவர்கள் இருபது வயசில் எப்படி இருந்தாங்க?' பதில் இல்லைனா, முடிவும் இல்லை.

ரிப்போர்ட்டில் அந்த வரியை அடிச்சாச்சு. பாட்டியிடம் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். வகுப்பு எப்படா ஆரம்பிக்கிறீங்க?"