ஒன்றில் தொடங்காத கணக்கெல்லாம் கள்ளக்கணக்கா?

போன வாரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரைபடம் வந்தது. 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் சிகாகோ வாக்குச்சாவடிகளில் பைடன் வாங்கிய வாக்குகளின் முதல் இலக்கங்கள் 'பென்ஃபோர்டு விதி'ப்படி இல்லையாம், ஆகவே மோசடியாம். நண்பர்கள் பலர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். 34 வருடம் தணிக்கைப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

விதி பொய்யில்லை. மடக்கை அட்டவணைப் புத்தகத்தின் முதல் பக்கங்கள்தான் அதிகம் தேய்கின்றன என்று 1881-ல் வானியலாளர் சைமன் நியூகோம்ப் எழுதினார். 1938-ல் ஃபிராங்க் பென்ஃபோர்டு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்களைத் திரட்டி அதையே காட்டினார். 1-ல் தொடங்குபவை சுமார் 30 சதவீதம். 9-ல் தொடங்குபவை 5 சதவீதம்கூட இல்லை.

காரணம் நம் வைப்புநிதியிலேயே இருக்கிறது. 7 சதவீதக் கூட்டுவட்டியில் ஒரு லட்சம் இரண்டு லட்சமாக பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஒன்பது லட்சம் பத்து லட்சமாக ஒன்றரை வருடம் போதும். அதனால் தொகை 1-ல்தான் நெடுநாள் தங்கும்.

ஆனால் இதற்கு, எண்கள் பத்து, நூறு, ஆயிரம், லட்சம் என்று பரந்து கிடக்க வேண்டும். பெரியவர்களின் உயரத்தை சென்டிமீட்டரில் எழுதுங்கள். அநேகமாக எல்லாமே 1-ல் தொடங்கும். அதற்காக அளந்தவர் திருடரா? சிகாகோவில் பெரும்பாலான சாவடிகளில் பதிவானவை சில நூறு வாக்குகள்தான். பைடனுக்கு நகரில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. 500 வாக்கில் 80 சதவீதம் என்றால் 400. அப்படியிருக்க 1 எப்படி முன்னே வரும்? டிரம்புக்கு விழுந்தவை இரண்டிலக்கம், மூன்றிலக்கம் என்று பரவியிருந்ததால் விதிக்கு நெருங்கி வந்தன. அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஆத்திரம் எனக்கு அமெரிக்காவுக்காக வரவில்லை.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி ஒருவர், பயணப்பட்டியல்களை இதே விதியில் போட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் 4-ல் தொடங்கின. பட்டியல் பார்த்த எழுத்தருக்கு மெமோ. அவருக்கு ஓய்வு பெற மூன்று மாதம்தான் இருந்தது. அன்று தினப்படி 220 ரூபாய். ஊழியர்கள் போனதெல்லாம் இரண்டு நாள் முகாம். 440, கூடவே பஸ் சார்ஜ். வேறு எதில் தொடங்கும்? விசாரணை முடிந்து அவர் குற்றமற்றவர் என்று ஆனபோது, பணிக்கொடை 14 மாதம் தாமதமாகியிருந்தது. மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார் மனிதர்.

அந்த மெமோவுக்கான குறிப்பில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. தினப்படி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வரைபடத்தின் முன் பழைய பஞ்சாங்கமாகத் தெரியக்கூடாது என்று போட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். விதிக்குப் பொருந்தும் கணக்கில் எல்லா பில்லையும் ஒன்றரை மடங்காக்கினாலும், அது அப்படியே பொருந்தும். ஆக, பொருந்தினால் யோக்கியன் என்றும் இல்லை, பொருந்தாவிட்டால் திருடன் என்றும் இல்லை. எந்தக் கட்டைத் திறக்கலாம் என்று வரைபடம் காட்டும். கட்டைத் திறந்து பார்க்க வேண்டியது மனிதன்தான்.

அடுத்த முறை அப்படியொரு வரைபடம் வந்தால், அந்த எண்கள் எதிலிருந்து எதுவரை இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை.