பலகையை மாற்றினால் போதாது, பதிவேட்டையும் மாற்று!

தெருப் பெயரை மாற்றிவிட்டால் ஏழைக்குச் சோறு கிடைத்துவிடுமா என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். ஏழையின் சோற்றைப் பற்றி இவர்களுக்கு இவ்வளவு கவலை இதற்கு முன் வந்ததில்லை!

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில், தெரு, சாலை, குளம், குடியிருப்பு ஆகியவற்றின் ஜாதிப் பெயர்களை அகற்ற அரசாணை வந்தது. உடனே கூப்பாடு கிளம்பிற்று; விவகாரம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிற்று.

சரித்திரம் அழிந்துவிடுமாம்! தியாகராய நகர் யார் பெயரால் அமைந்தது? நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார் பெயரால். நகரின் பெயரில் செட்டியார் இல்லை. அதனால் தியாகராயரைச் சென்னை மறந்துவிட்டதா? அதே தி.நகரில் ஜி.என். செட்டி ரோடு என்று ஜாதியைச் சேர்த்தே சொல்கிறார்கள். கோபதி நாராயணசாமி யார் என்று அந்த ரோட்டில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜாதி நிலைத்தது, ஆள் மறைந்தார். இதுவா சரித்திரம்?

1970களின் கடைசியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், சென்னைத் தெருப் பலகைகளில் ஜாதிப் பெயர்களை அழித்தார்கள். நாயர் ரோட்டில் நாயர் போய் டாக்டர் மட்டும் மிஞ்சினார் என்று இன்றும் கேலி பேசுவார்கள். கேலி நியாயமானதுதான். நல்ல காரியத்தைப் பெயிண்ட் டப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, பதிவேட்டைத் தொடாமல் விட்டால் வேறென்ன நடக்கும்? பலகையில் அழிந்த பெயர் பத்திரத்தில் வாழ்ந்தது; இன்று கைப்பேசி வரைபடத்திலும் குடியேறிவிட்டது.

இணைய முகவரிகளைத் தேடித் தரும் கணினிகளில் ஒன்றை 'எஜமானன்' என்றும், அதைப் பின்பற்றுவதை 'அடிமை' என்றும் பொறியாளர்கள் பல்லாண்டு எழுதி வந்தார்கள். இப்போது 'முதன்மை', 'இரண்டாம் நிலை' என்று எழுதுகிறார்கள். இணையம் நின்றுவிடவில்லை. உயிரற்ற யந்திரத்துக்கே அடிமைப் பெயர் ஆகாதென்றால், மனிதன் குடியிருக்கும் தெருவுக்கு மட்டும் ஆகுமா?

ஆனால் சர்க்காரையும் கேட்க வேண்டியது இருக்கிறது. பெசன்ட் நகரில் கலாக்ஷேத்ரா காலனி இருக்கிறது. அந்தக் 'காலனி'யை யாரும் வெட்கப்பட்டு மறைப்பதில்லை. கிராமத்துப் பையனின் வேலை மனுவில் அதே சொல் இருந்தால், வேறு ஜாதிச் சான்றிதழே தேவையில்லை. சொல் ஒன்றுதான், யாரை அங்கே ஒதுக்கிவைத்தார்கள் என்பதில் இருக்கிறது விஷம். ஒதுக்கிவைப்பது தொடர்ந்தால் புதுச் சொல்லும் வசைச் சொல்லாகும்.

சாட்சி வேண்டுமா? கண்ணகி நகர்! காவிய நாயகியின் பெயர். அதில் ஜாதியும் இல்லை, குடிசையும் இல்லை. நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கப்பட்ட உழைப்பாளிகளை அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்த முகவரியைப் பார்த்ததும் வேலை தர மறுக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் குமுறுவது எத்தனையோ முறை பத்திரிகைகளில் வந்துவிட்டது.

1970ல் பிறந்த குடிசை மாற்று வாரியம், 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. அழகான பெயர்தான். மறு வருஷமே, 2022 மே மாதம், மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடுகளைக் கோர்ட்டு உத்தரவைக் காட்டி இடித்தார்கள். அதை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து மாண்டார். ஓர் உயிர் போன பிறகுதான், மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே வீடு என்ற வாக்குறுதி பிறந்தது. வாழ்விடம் என்ற சொல்லின் பொருள் முதல் நாளே ஏன் தெரியவில்லை?

ஆகவே வேலையைப் பாதியில் விடாதீர்கள். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் பட்டியல், மின் இணைப்பு, பட்டா எல்லாவற்றிலும் புதிய பெயரை மத்திய, மாநில சர்க்கார்களே காசு வாங்காமல் ஏற்றித் தர வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கவைத்தால், பழைய பெயரே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தொழிலாளியே அலுத்துக்கொள்வான். கனவான்கள் காத்திருப்பதும் அதற்குத்தான். புதுப் பெயரைத் தெருவாசிகள் கூடி முடிவு செய்யட்டும். வாழ்விட வாரியம், மாற்று வீட்டை அதே வட்டாரத்தில் கட்டி, சாவியைக் கையில் கொடுத்த பிறகே பழைய வீட்டில் கைவைக்க வேண்டும்.