‘ஆர்எக்ஸ் கார்பு’ என்று ஒன்று கிடையாது

பழைய யமஹா ஆர்எக்ஸ்100 வாங்கி ஓட்டுவது நம் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு பித்து. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன 98 சிசி வண்டி. என் அக்காள் பேரனும் ஒன்று வாங்கினான். கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது என்றார் மெக்கானிக். கடையில் ‘ஆர்எக்ஸ் கார்பு’ என்று கேட்டுப் பளபளவென்று ஒன்றை வாங்கி மாட்டினார்கள். பழையது காயலான் கடைக்குப் போயிற்று. ஒரே மாதம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டது, பின்சக்கரம் சுற்றாமல் அப்படியே இழுபட்டது. பின்னால் லாரி எதுவும் வராதது அவன் பெற்றோர் செய்த புண்ணியம்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஜெட் சிறியதாக இருந்தால் பெட்ரோல் குறையும், காற்று கூடும், சூடு ஏறும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். (ஜெட்டுக்கு நாங்கள் படித்த பிரெஞ்சில் ‘ழிக்லர்’ என்று பெயர். பீய்ச்சுவது என்று பொருள். தூசு அடைத்துக்கொண்டால் அது எங்கே பீய்ச்சப் போகிறது!)

என் கட்சி இதுதான். கார்புரேட்டரை வண்டியின் பெயர் சொல்லிக் கேட்கவே கூடாது. அதன் உடம்பில் என்ன பொறித்திருக்கிறது என்று முதலில் படிக்க வேண்டும். அட்டையில் எழுதிய தலைப்பை நம்பி யாராவது கோப்பில் கையெழுத்துப் போடுவார்களா? உள்ளே இருக்கும் எண்ணைத்தானே பார்ப்போம்.

‘ஹோண்டா என்றால் கெய்ஹின், மற்றதெல்லாம் மிகுனி’ என்று பட்டறைகளில் ஒரு வாய்ப்பாடு உண்டு. பெரும்பாலும் சரிதான். ஆனால் 1984இல் வந்த கவாசாகி ஜிபிஇசட்900ஆர் வண்டியில் இருந்தது கெய்ஹின். யமஹா எக்ஸ்டி600இல் டெய்கெய் என்ற மூன்றாவது கம்பெனியின் சரக்கு. வாய்ப்பாட்டை நம்பினால் அங்கே மாட்டிக்கொள்வோம்.

எழுத்துகளுக்கும் அர்த்தம் உண்டு. மிகுனியில் ‘விஎம்’ என்றால் உருளை ஸ்லைடு மேலும் கீழும் போகிற வகை; அடுத்து வரும் எண் துளையின் அகலம், மில்லிமீட்டரில். விஎம்28 என்றால் 28. ‘பிஎஸ்’ என்றிருந்தால் மேலே ரப்பர் சவ்வு வைத்த வேறு வகை. யமஹா தன் வண்டிக் குறியீட்டையும் கார்புரேட்டரிலேயே பொறித்துவிடும்: ஆர்டி350எல்சி வண்டியின் குறியீடு 4எல்0, அதன் விஎம்26 உடம்பிலும் 4எல்0 என்றே இருக்கும். ஹோண்டா சிபி750இலோ 657ஏ, 086ஏ என்று வெறும் எண். வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி போல இருப்பவை. உள்ளே ஜெட்டும் ஊசியும் வேறு.

ஜெட்டில் இன்னொரு வம்பு. கெய்ஹின் மெயின் ஜெட்டில் 100 என்றால் துளையின் விட்டம் 1.00 மில்லிமீட்டர். மிகுனியின் ஆறுபட்டை ஜெட்டில் 100 என்பது பெட்ரோல் ஓடும் அளவைக் குறிக்கும் எண். ‘நூறுக்கு நூறு சரியாப் போச்சு சார்’ என்று ஒருவர் என்னிடமே சொன்னார். சரியாகப் போகவில்லை.

அசல் மிகுனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு சின்ன முத்திரை இருக்கும். என் வயதுக்காரர்களுக்குப் பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியாவில் செய்தது என்பதால் மட்டும் போலி என்று நினைக்க வேண்டாம். சென்னையை அடுத்த மறைமலைநகரில் யூகால் நிறுவனம் மிகுனியோடு சேர்ந்தே கார்புரேட்டர் செய்தது.

பழைய ஜப்பான் கார்புரேட்டரின் திருகாணித் தலையில் பல சமயம் ஒரு புள்ளிக் குழி இருக்கும். அது ஜப்பான் அளவுத் திருகாணி என்பதற்கு அடையாளம். நம் ஊர் ஸ்டார் திருப்புளியைப் போட்டு அழுத்தினால் வழுக்கித் தலை மழுங்கிவிடும். அப்புறம் உளிதான். உளி பட்ட உடம்பைப் பார்த்து, ‘தேய்ஞ்சு போச்சு, மாத்திடலாம்’ என்பார்கள். நல்ல கார்புரேட்டர்கள் பாதி இப்படித்தான் காயலான் கடைக்குப் போகின்றன என்பது என் சந்தேகம்.

ஆகவே மாற்றியே தீர வேண்டும் என்றாலும், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் சொத்து. பெட்ரோலில் கழுவி, ஜெட்டுகளைக் காகிதத்தில் மடித்து, மேலே எண்ணை எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.