சுண்ணாம்புக் கம்பத்துக் காளி



தைப்பூசத்துக்கோ உறவினர் கல்யாணத்துக்கோ சிங்கப்பூர் போகிறவர்கள் சிராங்கூன் ரோட்டில் ஒரு நடை நடக்காமல் திரும்புவதில்லை. மல்லிகைப்பூ, புடவைக்கடை, கோமள விலாஸ் தோசை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து, "அங்கே போனால் நம்ம ஊர் மாதிரியே இருக்குது, சார்" என்கிறார்கள். அது எப்படி நம்ம ஊர் ஆயிற்று என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதைத்தான் இந்த முறை எழுதலாம் என்றிருக்கிறேன்.

தொடக்கத்தில் அது நம்மவர்களுக்கென்று ஒதுக்கிய இடமே அல்ல. நம்மவர்கள் முதலில் குடியிருந்தது ஆற்றோரம், சூலியா ஸ்திரீட் பக்கம். சிராங்கூன் ரோடு பட்டணத்துக்கு வெளியே, சதுப்பு நிலத்தை ஊடறுத்துப் போன ஒரு பாதை. 1842-இல் அங்கே வெள்ளைக்காரர்கள் குதிரைப் பந்தயத் திடல் அமைத்தார்கள். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதனால் வந்தது. பந்தயம் பார்க்க வந்த துரைமார் சிலர் அக்கம்பக்கத்தில் பங்களா கட்டிக் கொண்டார்கள்.

நம்மவர்களைக் கொண்டுவந்து சேர்த்தவை தண்ணீரும் புல்லும்தான். ரோச்சோர் ஆற்றங்கரையில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே மாட்டுக்காரர்கள் வந்தார்கள். மாடு இருந்தால் மேய்க்க ஆள் வேண்டும், கறக்க ஆள் வேண்டும், வண்டி ஓட்ட ஆள் வேண்டும். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு என்று தெருப் பலகைகளில் இன்றும் எருமையும் மாடும் நிற்கின்றன. மலாய் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை என்றால் எருமைத் தொழுவத்து மருத்துவமனை என்றுதானே அர்த்தம்! 1966-இல் அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40 ஆயிரம் குழந்தைகள் அங்கே பிறந்தன என்பதைக் கணக்குப் பாடத்தில் சொன்னால் என் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். நாளுக்கு நூறுக்கு மேல் வருகிறது, வகுத்துப் பாருங்கள்.

இன்னொரு தொழில், செங்கல்லும் சுண்ணாம்பும். 1825 முதல் இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். 1873 வரை அது நடந்தது. சிராங்கூன் ரோட்டுச் செங்கல் சூளைகளில் உழைத்தவர்களில் அவர்களும் உண்டு. 1861-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை எழுப்பியவர்கள் அவர்களே. அதன் உட்சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. செய்முறையைக் கேளுங்கள். மணல் கலக்காத சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசினார்கள். காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். நம் வீட்டுச் சமையற்கட்டில் உள்ள சாமான்களை வைத்துத் துரைமார் கோயிலையே மெருகேற்றியிருக்கிறார்கள்!

சிராங்கூன் ரோட்டில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த இடத்தை நம்மவர்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் கும்பிட்டவள்தான் வீரமாகாளியம்மன். இன்று ரோட்டோரம் கோபுரத்தோடு நிற்கும் அந்தக் கோயிலுக்குப் பழைய பெயர் சுண்ணாம்புக் கம்பம் கோயில். ஜப்பான்காரன் குண்டு போட்ட நாட்களில் ஜனங்கள் ஓடிப்போய் ஒதுங்கியது அவள் சந்நிதியில்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெலிலியஸ் ரோடு என்றால், கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வியாபாரம் செய்த யூத முதலாளியின் பெயர். டெஸ்கர் ரோடு என்றால், கசாப்புத் தொழிலில் பணம் சேர்த்தவர் பெயர். மாடு வைத்திருந்தவருக்குத் தெரு இருக்கிறது, மாடு மேய்த்தவனுக்கு இல்லை. சுண்ணாம்பு சுட்டவன் விட்டுப்போன முத்திரை அந்தக் காளி ஒருத்திதான்.

தோட்டத்திலும் இதே கதைதானே? கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் பாட்டன் வாயில் புழங்கிய பெயர் வேறு. தோட்டம் கைமாறி வீட்டுமனை ஆகும்போது கம்பெனிப் பெயராவது பத்திரத்தில் கிடக்கும். பாட்டன் வைத்த பெயர், பழைய லயத்துக் கிழவி கண்மூடினால் அதோடு சரி. கோயிலைப் பெயர்த்து வேறிடத்தில் கட்டும்போது, அது எந்தத் தோட்டத்துச் சாமி என்பதையாவது கல்லில் வெட்டி வையுங்கள் என்று கோயில் கமிட்டிக்காரர்களிடம் சொல்லி வருகிறேன். டைல்ஸ் ஒட்டக் காசு இருக்கிறது, கல்வெட்டுக்கு இல்லை என்கிறார்கள். போகட்டும்.

சதுப்பு வற்றியது. 1933-இல் பந்தயத் திடல் புக்கித் தீமாவுக்குப் போயிற்று. மாட்டுத் தொழுவங்களும் ஓய்ந்தன. ஆனால் கோயிலும் பள்ளிவாசலும் பலசரக்குக் கடையும் வேர்விட்டு விட்டன. தீவின் எந்த மூலையில் வேலை செய்தவனும் மாதச் சாமானுக்குத் தேக்காவுக்கு வந்தான். 1989-இல் அரசாங்கம் 'லிட்டில் இந்தியா' என்று அந்த வட்டாரத்தைப் பாதுகாப்புப் பகுதியாக்கியது. அதே ஆண்டில்தான் அடுக்குமாடி வீடுகளில் எல்லா இனத்தாரும் கலந்து வசிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஆகவே சிங்கப்பூர்த் தமிழர்கள் ஈசூன், உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் என்று தீவெங்கும் பரவி வாழ்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சிராங்கூன் ரோடு போய்வரும் இடமே தவிர, குடியிருக்கும் இடம் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். கட்டட வேலைக்கு வந்த தமிழ்நாட்டு, வங்காளதேசத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடியிருப்பார்கள். தூரத்துத் தங்குவிடுதிகளிலிருந்து வாரத்தில் ஒரு நாள் வருகிறவர்கள். 2013 டிசம்பர் 8 இரவு, அப்படி வந்த ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி பஸ் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து அங்கே கலவரம் மூண்டது. 'குடித்துவிட்டுக் கூத்தடிக்கிறவர்கள்' என்று நம்மில் சிலரே அவர்களைப் பற்றிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. லயத்து ஜனங்களைப் பற்றிப் பட்டணத்தார் ஒரு காலத்தில் பேசிய அதே பேச்சு அது.

ஜொகூர் பாருவிலிருந்து 170-ஆம் நம்பர் பஸ் ஏறினால் குயின் ஸ்திரீட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து தேக்கா நடக்கிற தூரந்தான். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கடைக்குள் நுழைவதற்கு முன் தெருப் பலகைகளை அவர்களே வாசிக்கட்டும். காளி கோயில் வாசலில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருக்கும் ஒரு தம்பியிடம், இந்த வாரம் எந்தக் கட்டடத்தில் வேலை என்று கேளுங்கள். ஆசையாகச் சொல்வான்.