எண்பதைத் தொட்டதும் நடுங்கும் வாகனம்



லோதி ரோட்டில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சாலையின் போக்கு நன்றாய்த் தெரியும். மௌசம் பவனையும் இந்தியா ஹாபிடாட் சென்டரையும் கடந்து போவதற்குள் சிக்னல்களும் நெரிசலும் நம்மை நிறுத்தி நிறுத்தியே அனுப்பும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே பெரிது. அங்கே நம் காரில் ஒரு குறையும் தெரியாது. பள்ளி விடுமுறை வருகிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஆக்ராவுக்குப் புறப்படுகிறோம். கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனா எக்ஸ்பிரஸ்வே 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது. கார்களுக்கு அங்கே 100 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பனிமூட்டக் காலத்தில் அது குறைக்கப்படும். வேகம் 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் மெல்ல நடுங்குகிறது. 90இல் கைகளே மரத்துப்போகின்றன. 100ஐ நெருங்கும்போது சற்று அடங்குகிறது. திரும்பி வந்து லோதி ரோட்டில் ஓட்டினால், ஒன்றுமே நடவாததுபோல் வண்டி அமைதியாய் ஓடுகிறது!

மறுநாள் மெக்கானிக்கிடம் போகிறோம். அவர் சந்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "ஒன்றும் இல்லையே" என்கிறார். நாம் வற்புறுத்தினால் பேலன்சிங் என்கிறார். அடுத்த முறை அலைன்மென்ட். அதற்கடுத்து சஸ்பென்ஷன் புஷ். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் கரைகிறது. நடுக்கமோ அப்படியே இருக்கிறது. இதில் பெரும்பாலும் ஒருவருடைய வஞ்சகமும் இல்லை. ஒழுங்காய்த் தேடாமல், ஊகத்தின்மேல் ஊகமாய்ப் பொருள்களை மாற்றுவதினால் வரும் நஷ்டம் இது. ஆகவே தேடும் முறையை இம்மாதம் சிந்திப்போம்.

வேகத்தில் மட்டும் ஏன்?

14 அங்குல ரிம் பொருத்திய சிறிய காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 1.8 மீட்டர் ஓடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. அந்த ரிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் 30 கிராம் எடை அதிகமாய் இருந்தால், அது ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தைச் சுமார் 5 கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் அவ்விசை நாலில் ஒன்றாய்க் குறையும். லோதி ரோட்டின் 40 கிலோமீட்டரில் அது ஒரு கிலோவைக்கூட எட்டாது. குறை இருந்தும் அங்கே வெளிப்படாமல் ஒளிந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

இன்னொன்றும் உண்டு. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால் சிறு குழந்தையின் கை போதும். தருணம் தப்பினால் பெரியவர் தள்ளினாலும் எழும்பாது. சக்கரமும் சஸ்பென்ஷனும் அவ்வாறே தமக்கென்று ஓர் இயல்பான ஆட்டம் உடையவை. சக்கரத்தின் சுழற்சி அந்த ஆட்டத்தோடு இசையும் வேகத்தில் நடுக்கம் பெருகும். அதைத் தாண்டினால் குறையும். 90இல் அதிகமாயிருந்தது 100இல் அடங்குவது ஏன் என்பது இப்போது விளங்கும். அடங்கிற்று என்பதினால் குணமாயிற்று என்று எண்ணிவிடாதிருங்கள்.

கருவியைத் தொடுமுன் கவனியுங்கள்

முதலாவது, நடுக்கம் எங்கே தெரிகிறது? ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரங்களில் குறை. இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின் சக்கரங்களில். பின்னால் அமர்ந்திருக்கும் தாயாரும் பிள்ளைகளும் சொல்வதை அசட்டை செய்யாதிருங்கள். ஓட்டுகிறவர் உணராததை அவர்கள் உணர்வார்கள்.

இரண்டாவது, சாலையா, வாகனமா? யமுனா எக்ஸ்பிரஸ்வே கான்கிரீட் சாலை. அதன் இணைப்புகளைக் கடக்கும்போது ஒரு சீரான தட்டல் கேட்பது இயல்பு. தார்ச் சாலைக்கு வந்தவுடன் அது நின்றுவிட்டால் வாகனத்தில் குறையில்லை.

மூன்றாவது, சக்கரமா, எஞ்சினா? அனுமதிக்கப்பட்ட வேகத்திற்குள், சாலை வெறுமையாய் இருக்கும்போது, அதே வேகத்தில் ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றுங்கள். வண்டியின் வேகம் மாறவில்லை. எஞ்சினின் சுழற்சி மட்டும் கூடியிருக்கிறது. நடுக்கம் அப்படியே இருந்தால் சக்கரத்தின் பக்கம் தேடுங்கள். அதுவும் மாறினால் எஞ்சினையும் அதைத் தாங்கும் மவுண்ட் ரப்பர்களையும் பாருங்கள். ஒருபோதும் ஓடும் வண்டியின் எஞ்சினை அணைத்துப் பார்க்காதிருங்கள்.

நான்காவது, எப்போது கூடுகிறது? பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் துடித்தால், பிரேக் டிஸ்க்கின் கனம் ஒரே சீராய் இல்லை என்று அறியலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்தவுடன் நின்றால், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் இணைப்பைச் சந்தேகிக்கலாம். இரண்டிலும் மாறாமல் இருந்தால் டயரும் ரிம்மும் ஹப்பும் மிஞ்சுகின்றன.

ஓட்டுகிறவர் ஓட்டட்டும், அருகில் இருப்பவர் இவற்றை ஒரு நோட்டில் எழுதட்டும். "வண்டி நடுங்குகிறது" என்பதற்கும், "85 முதல் 95 வரை இருக்கையில் நடுங்குகிறது, கியர் மாற்றினாலும் பிரேக் மிதித்தாலும் மாறவில்லை" என்பதற்கும் வேறுபாடு பெரிது. இரண்டாவதைச் சொன்னால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்தது.

செலவில்லாதவை முதலில்

சக்கர நட்டுகள் இறுக்கமாய் உள்ளனவா என்பதை முதலில் பாருங்கள். மழைக்காலத்தில் கிராமத்துப் பாதையில் போய் வந்திருந்தால், ரிம்மின் உட்புறம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டிக் கழுவினாலே நடுக்கம் நின்ற வண்டிகள் உண்டு. ரிம்மின் ஓரத்தில் ஒட்டிய சிறு எடைக்கட்டி விழுந்து, அதின் தடம் மட்டும் சுத்தமாய்த் தெரிகிறதா? காற்றை, டயர் சூடேறுமுன், கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டவணையின்படி நிரப்புங்கள்.

மே மாதத்தில் ரயிலேறி ஊருக்குப் போய், ஒரு மாதம் நிறுத்தி வைத்த வண்டியை எடுக்கிறீர்களா? நின்ற இடத்தில் டயர் சற்றுத் தட்டையாகியிருக்கும். சில பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் பெரும்பாலும் அது சரியாகிவிடும்.

பின்பு ஒவ்வொரு டயரையும் கையினால் தடவிப் பாருங்கள். பக்கச் சுவரில் வீக்கமோ, மிதிபரப்பில் மேடுபள்ளமோ, வெடிப்போ இருக்கிறதா? டயர் செய்யப்பட்ட காலத்தை அதின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் காட்டும். 2219 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரம். பழைய கார் வாங்குகிறவர்கள் இதை மறவாமல் பார்க்க வேண்டும்.

இடம் மாற்றிப் பாருங்கள்

இவற்றிலும் விடை கிடைக்காவிட்டால், முன் சக்கரங்களைப் பின்னும் பின் சக்கரங்களை முன்னும் மாற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் இருக்கைக்குப் போய்விட்டால், குற்றவாளி மாற்றப்பட்ட சக்கரங்களோடு பயணம் செய்திருக்கிறான்! பின்பு அவற்றை ஒவ்வொன்றாய் ஸ்டெப்னியோடு மாற்றிப் பார்க்கலாம். ஆனால் பல புதிய கார்களில் ஸ்டெப்னி அளவில் சிறியது; அதில் குறித்துள்ள வேகத்தை மீறலாகாது. சக்கரங்களை எப்படி மாற்றினாலும் நடுக்கம் இடம் மாறவில்லையென்றால், ஹப், பேரிங், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் திரும்புங்கள். ஒரு முறைக்கு ஒரே மாற்றம் என்பது விதி. இரண்டை ஒன்றாய் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

பேலன்சிங் கடையில்

வீல் அலைன்மென்ட் வேறு, வீல் பேலன்சிங் வேறு. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒழுங்கின்றித் தேயும். அது தானே இவ்விதமான அதிர்வை உண்டாக்குவது அரிது. ஆகவே நடுக்கத்திற்கு முதல் மருந்து அலைன்மென்ட் அன்று.

பேலன்சிங் இயந்திரம் பூஜ்யம் காட்டியவுடன் திருப்தியடைந்துவிடாமல், சக்கரத்தைக் கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடியும் பொருத்திச் சுழற்றும்படி தாழ்மையாய்க் கேளுங்கள். மறுபடியும் பூஜ்யத்திற்கு அருகில் காட்டினால் நல்லது. எண் மாறினால் சக்கரம் இயந்திரத்தில் நடுமையமாய்ப் பொருந்தவில்லை. எடை ஒட்டிய வேலை வீண். காரிலும் இதே குறை நேரலாம். ஹப்பின் முகத்தில் துருப் படிந்திருந்தாலும், வெளியில் வாங்கிய அலாய் வீலின் நடுத்துளை பெரிதாயிருந்தாலும் சக்கரம் மையம் தவறும். துருவைத் தேய்த்து அகற்றுவதும், துளைக்கு ஏற்ற வளையம் பொருத்துவதும், நட்டுகளை எதிரெதிராய் இறுக்குவதும் இதற்குப் பரிகாரம்.

இவை எல்லாம் சரியாயிருந்தும் நடுங்குகிற பிடிவாதமான வண்டி ஒன்று உண்டு. இயந்திரம் சக்கரத்தை அந்தரத்தில் சுழற்றுகிறது. சாலையிலோ காரின் பாரம் அதின்மேல் இருக்கிறது. டயரின் ஓரிடம் மற்ற இடங்களைவிட விறைப்பாயிருந்தால், அல்லது டயர் முழு வட்டமாய் இராவிட்டால், எடை சமமாயிருந்தும் ஒவ்வொரு சுற்றிலும் வண்டியைத் தூக்கிப் போடும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மிதிபரப்புக்கு அருகே ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்து மெல்லச் சுற்றினால், வட்டம் தவறியது கண்ணுக்கே தெரியும். விறைப்பு மட்டும் இவ்விதம் தெரியாது. பாரம் ஏற்றிச் சோதிக்கும் இயந்திரமே அதைக் காட்டும். அத்தகைய டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பிப் பொருத்தினால், டயரின் மேடும் ரிம்மின் பள்ளமும் சந்தித்து நடுக்கம் குறையலாம். குறையாவிட்டால் அந்த டயருக்கு விடைகொடுப்பதே உத்தமம்.

அலட்சியம் வேண்டாம்

"இத்தனை நாள் ஓடிற்றே, இன்னும் ஓடும்" என்று சொல்லுகிறவர்கள் ஒரு சம்பவத்தை அறிய வேண்டும். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாய் அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் ஓடியவை. வேகமாய் ஓடும்போது மிதிபரப்பு உரிந்து பிரிந்ததினால் வண்டிகள் கவிழ்ந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டயரின் அடுக்குகள் பிரியும்போது, அது உரிவதற்கு முன்னே நடுக்கமாய் எச்சரிப்பது உண்டு. குறைந்த காற்றும் கோடை வெப்பமும் அதிக பாரமும் சேர்ந்தால் ஆபத்து பெருகும். டெல்லியின் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள்!

ஆகவே பழைய நடுக்கத்தைப் பொறுமையாய்த் தேடுங்கள். ஆனால் நேற்று இல்லாத நடுக்கம் இன்று திடீரென்று தோன்றினாலும், நாளுக்கு நாள் வளர்ந்தாலும், அன்றே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நான்கு டயர்களையும் நட்டுகளையும் பாருங்கள்.

பிரியமானவர்களே, நம்மில் அநேகர் ஜெபித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறோம். அது நல்லது. டயரைப் பாராமல் எடுப்பதோ விசுவாசம் அல்ல, அஜாக்கிரதை. குளிர்கால விடுமுறைக்குப் புறப்படுமுன், முந்தின சனிக்கிழமை காலை ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் நோட்டுப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுங்கள். நாளை ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகிறவர்கள் அவர்களே.